லார் ஹௌலின் பெயர் வராத கடிதங்கள்

வின்னி ஹௌலினுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது கில்டாரா மாளிகையில் பதினெட்டு வருஷம் யாருக்கும் தெரியாது. கேட்டவர் இல்லை, அவளும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் சலவைக்கட்டுக்கு வேலைக்குப் போனவள். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பதுமாக அங்கேயே வளர்ந்தாள். அவளுடைய அப்பா மழை இல்லாத நாளில் வேலியோரமாகவும், மழை நாளில் யாராவது ஒழித்துக்கொடுத்த மாட்டுத் தொழுவத்திலும் பள்ளிக்கூடம் நடத்தியவர். கத்தோலிக்கன் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் பிடித்து உள்ளே போடலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. ஒரே பலகையில் மகளுக்கும் மகனுக்கும் எழுத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, இருவரும் தலையெடுக்கும் முன்பே இருமலில் போய்ச் சேர்ந்தார்.

மகன் என்றால் லார். வின்னிக்கு ஐந்து வயது இளையவன். மாவு ஆலையில் வண்டி ஓட்டினான். வாய் ஓயாமல் பேசுவான், குதிரையிடம்கூட. அந்த வருஷம் மார்ச் மாதம் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் தலைக்கு ஏறாமல் இருக்க முடியை எடுத்துவிடுவது வழக்கம். வின்னிதான் தையல் கத்தரிக்கோலை எடுத்துப்போய் அவன் தலையை ஒட்ட வெட்டினாள். காய்ச்சல் இறங்கியது. முடி வளர நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். அது வளர்வதற்குள் மே மாதம் என்ன கொண்டுவரும் என்பதுதான் தெரியாது.

மே மாதக் கடைசியில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக நாடே பற்றிக்கொண்டது. டப்ளினிலிருந்து வந்த தபால் வண்டியைக் கலகக்காரர்கள் மறித்துக் கொளுத்தினார்கள். ஈட்டியும் கையுமாகக் குன்றுகளில் கூடினார்கள். பிரெஞ்சுக்காரனைப் பார்த்து முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது அவர்களுடைய அடையாளம் என்பதால், ஊர்க்காவல் படைக்காரன் எவன் தலையிலும் தொப்பியைத் தட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று ஆனது. லார் இரண்டு மூட்டை ஓட்ஸ் மாவை ஏற்றிக்கொண்டு பாலிகாரின் பாலத்தைக் கடக்கும்போது அப்படித்தான் துப்பாக்கிக் கட்டையால் அவன் தொப்பியைத் தட்டினார்கள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறான். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கையைக் கட்டி, பாலிகாரின் சந்தைக் கட்டடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். குதிரை மட்டும் வெறும் வண்டியோடு ஆலைக்குத் திரும்பி வந்தது.

அதே வாரம் மாளிகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆங்கிலேய மாது மூட்டை கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டாள். டெவரல் சீமாட்டிக்கு அதில் பெரிய சங்கடம். சீமாட்டி வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் எழுதுகிறவர். தங்கை ஷார்லட் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் இருந்தாள். தம்பி ஜார்ஜ் டப்ளினில் கர்னல். இருவருக்கும் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் பச்சைத் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்து வழக்கம். பாடம் சொன்னவள்தான் அதையும் செய்துகொண்டிருந்தாள். இப்போது யார் செய்வது என்று தேடும்போது சலவைத் துணிக் கணக்கு சீமாட்டியின் கண்ணில் பட்டது. வின்னியை மேலே கூப்பிட்டார்கள்.

"இது யாரு எழுத்து?"

"என்னோடதுங்கம்மா."

"நீ எழுதுவியா? எத்தனை நாளா?"

"சின்ன வயசிலேருந்துங்கம்மா."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலீங்களேம்மா."

சீமாட்டி சிரித்தார். அன்றைக்கே வின்னிக்கு ஜன்னலோரத்தில் ஒரு சின்ன மேசை போட்டார்கள். லாரைப் பிடித்து நாலு நாள் ஆகியிருந்தது. இது தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த இடம் என்றுதான் வின்னி நினைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், கத்தரிக்கோல், பாலம்.

"இவ்வளவுதானா? ஜார்ஜுக்கு எழுதறப்ப ஒரு வரி போட்டுடறேன். அவன் ஒரு வார்த்தை சொன்னா பாலிகாரின்ல இருக்கிற கேப்டன் விட்டுடுவான். இதுக்குப் போய் இப்படி வெளிறிப் போயிருக்கியே" என்றார் சீமாட்டி.

மனதோடுதான் சொன்னார். அவர் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் வின்னிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கர்னலுக்கான முதல் கடிதம் மறுநாள் மேசைக்கு வந்தது. நாலு பக்கம். காகிதம் மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வைத்துக் குறுக்கேயும் எழுதியிருந்தது. டப்ளினிலிருந்து எலுமிச்சம்பழம் வரவில்லை. தோட்டக்காரனின் வைக்கோல் போரில் ஈட்டி ஒன்று அகப்பட்டது. மயில் செத்துவிட்டது, யாராவது விஷம் வைத்திருப்பார்களோ என்று சந்தேகம். அம்மாவின் இசைப்பெட்டியைக் கர்னலின் மனைவி இன்னும் திருப்பித் தரவில்லை, அதை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. வின்னி ஒவ்வொரு வரியாக நகல் எடுத்துக்கொண்டே போனாள். அடுத்த வரியில் வரும், அடுத்த பக்கத்தில் வரும் என்று போனாள். 'என்றும் உன் அன்புள்ள ஹாரியட்' என்று முடிந்தது.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அம்மா, தம்பி விஷயம்..." என்று இழுத்தாள்.

"அடடா. இதுல இடமே இல்ல பாரு, ஓரம் வரைக்கும் எழுதிட்டேன். அடுத்ததுல போட்டுடறேன்."

அடுத்ததில் பத்து மைல் தள்ளித் தெரிந்த புகையைப் பற்றியும், வெள்ளிப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கியதைப் பற்றியும் இருந்தது. மூன்றாவது கர்னலின் மனைவிக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி. நாலாவது பாத்துக்குப் போனது. அதில் ஷார்லட்டுக்கு இப்படி ஒரு பத்தி இருந்தது: 'நகல் எடுக்க சலவைக்காரி ஒருத்தி கிடைத்திருக்கிறாள். நல்ல எழுத்து. ஆனால் அவள் தம்பியைப் படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து தையல் எல்லாம் கோணலாகப் போகிறது, என் மஸ்லின் பாழ். இந்தக் கலகத்தில் நாங்கள் படும் பாடு அங்கே இருக்கும் உனக்குப் புரியாது.'

அந்தப் பத்தியையும் அவள் கையாலேயே நகல் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு எழுத்து விடாமல் எடுத்தாள். 'கோணல்' என்ற இடத்தில் அழுத்திய அழுத்தில் இறகுப் பேனாவின் முனை பிளந்துவிட்டது.

கீழே சமையல்கட்டில் பெக் சின்னட் இருந்தாள். மாளிகையின் சமையல்காரி, வின்னியைவிடப் பத்து வயது பெரியவள். அன்றைக்கு மேலே தங்கியிருந்த படை அதிகாரிகளுக்காக மாட்டிறைச்சி கம்பியில் சுழன்று வெந்துகொண்டிருந்தது.

"என்னடி, இன்னிக்காவது எழுதினாளா?"

"மயில் செத்ததை எழுதியிருக்காங்க."

"அது செத்துப் பத்து நாளாச்சே."

"அவங்க தம்பிக்கு முன்னாடியே எழுதியாச்சு. இது தங்கச்சிக்கு."

"அந்த மயிலுக்கு இருக்கிற கொடுப்பினை உன் தம்பிக்கு இல்ல பாரு." பெக் கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "ஏண்டி, நீதானே காகிதத்தைக் கையில வச்சிருக்கே. நீயே ஒரு வரி சேத்துடு. அவ எழுத்து மாதிரியே எழுத வருதுன்னு சொன்னியே."

"கண்டுபிடிச்சாங்கன்னா?"

"கண்டுபிடிச்சா வேலைதானே போகும். லாரு போறதைவிடவா?"

"அவங்க கையெழுத்துப் போட்ட காகிதம்க்கா. அதுல நான் எப்படி கை வைக்கிறது?"

"அப்ப நல்லா குண்டு குண்டா நகல் எடு போ" என்று பெக் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வின்னி சேர்க்கவில்லை. பயம் ஒரு பக்கம். எழுத்து ஒருவருடையது என்றால் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்று அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்தது இன்னொரு பக்கம். அன்று மாலை வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் தபாலுக்குப் போகாமல் கிடந்த கர்னல் கடிதத்தின் கடைசி ஓரத்தில் இருந்த இரண்டு விரல்கடை வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவில் மை உலர்ந்ததும் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏழு மைல் நடந்து பாலிகாரினுக்குப் போனாள். சந்தைக் கட்டடத்தின் பின்பக்கம் தரையோடு ஒட்டி ஒரு கம்பி ஜன்னல். காவலுக்கு நின்றவன் ரொட்டியை மட்டும் பிய்த்துப் பார்த்துவிட்டு விட்டான். அவள் மண்ணில் குந்தி உட்கார்ந்தால்தான் லாரின் முகம் தெரிந்தது.

"முடி எவ்வளவு வளந்திருக்கு பாரு அக்கா" என்று குனிந்து காட்டினான். "இன்னும் ரெண்டு மாசம் உள்ள வச்சிருந்தாங்கன்னா எதுக்கு இவனைப் பிடிச்சோம்னு அவங்களுக்கே மறந்துடும்."

"சிரிக்காத லாரு."

"பின்ன என்ன பண்றது? உள்ள எண்பது பேரு இருக்கோம். ஒருத்தன் பாடறான், ஒருத்தன் செபம் சொல்றான். ரெண்டு பேருக்கும் குரல் ஆகாது." கொஞ்ச நேரம் ரொட்டியைத் தின்றான். பிறகு குரலை இறக்கினான். "திடமா இருக்கிறவனையெல்லாம் கடற்படைக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு. எனக்கு ஓடத்துல ஆத்தைத் தாண்டினாலே குடலைப் பிடுங்கும். அந்த அம்மா எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க" என்றாள் வின்னி.

"அப்ப சரி" என்று அவன் மீதி ரொட்டியைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தான்.

திரும்பும் வழியெல்லாம் அந்த 'அப்ப சரி' அவளைக் குத்திக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை ஐந்தாவது கடிதம் வந்தது. மறுபடியும் கர்னலுக்கு, மறுபடியும் இசைப்பெட்டி. புதன்கிழமை ஆறாவது. வின்னி அதை நின்றபடியே முழுக்கப் படித்தாள். இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சீமாட்டியின் மேசைக்கு முன்னால் போய் வைத்தாள்.

"இதை நகல் எடுக்க மாட்டேங்கம்மா."

சீமாட்டிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "கை வலிக்குதா?"

"தம்பி பேரு இதுல இல்லீங்க. அதுக்கு முன்னாடி அஞ்சுலயும் இல்லீங்க. அவனைக் கப்பல்ல ஏத்தப் போறாங்க. மயிலுக்கு இடம் இருந்துது. எலுமிச்சம்பழத்துக்கு இடம் இருந்துது."

"வின்னி, நான் எந்த நிமிஷம் இந்த வீட்டைக் கொளுத்துவாங்களோன்னு உக்காந்திருக்கேன். எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறே?" சீமாட்டியின் கண் கலங்கிவிட்டது. உண்மையான கண்ணீர்தான். "நீயும் என்னைக் குத்தம் சொல்றியா?"

"ஒரு வரிங்கம்மா. இப்பவே. நான் நிக்கிறேன்."

சீமாட்டி பேனாவை எடுத்தார். கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'என் வேலைக்காரி ஒருத்தியின் தம்பி, ஹௌலட் என்பவன், பாலிகாரினில் அடைபட்டிருக்கிறான். ஏதாவது செய்ய முடிந்தால் செய். சிரமம் என்றால் வேண்டாம்.'

"ஹௌலின்ங்கம்மா."

"ரெண்டும் ஒண்ணுதானே. ஜார்ஜுக்குப் புரியும்."

இந்தத் தடவை வின்னி அப்பா சொன்னதை நினைக்கவில்லை. ஜன்னலோர மேசைக்கு வந்ததும் பேனாக் கத்தியால் அந்தப் பெயரின் கடைசி எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, பெயரைச் சரி செய்தாள். 'சிரமம் என்றால் வேண்டாம்' என்பதையும் சுரண்ட ஆரம்பித்தாள். காகிதம் மெலிந்து ஓட்டை விழப் பார்த்தது. விட்டுவிட்டாள். கடிதத்தை அப்படியே நோட்டில் நகல் எடுத்தாள். குதிரைக்காரன் வழியில் பயம் என்று சாக்குச் சொன்னதால் கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு பாலிகாரினுக்கு நடந்து, படைக் காவலோடு டப்ளினுக்குப் போகும் தபால் பையில் கண்ணெதிரே போட வைத்துவிட்டு வந்தாள்.

பதினோரு நாள் பதில் இல்லை. கடைசியில் பதிலுக்கு முன்னால் செய்திதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டியோடு போனபோது சந்தைக் கட்டடத்தின் கதவு அகலத் திறந்து கிடந்தது. இரண்டு பேர் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள இருந்தவங்க எங்க?"

"வாட்டர்ஃபோர்டுக்கு நடத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஆச்சு ஒரு வாரம். இந்நேரம் கப்பல்ல இருப்பானுங்க. நகரு, கால்ல சுண்ணாம்பு படப்போவுது."

கர்னலின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பக்கத்துக்கு இசைப்பெட்டியைப் பற்றித் தன் மனைவியின் தரப்பை விளக்கியிருந்தார். கடைசியில், 'நீ சொன்ன ஹௌலினை விசாரித்தேன். கடற்படைக்கு அனுப்பியாகிவிட்டது. அவன் மேல் பெரிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை போலிருக்கிறது. பத்து நாள் முன்னால் எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்' என்று இருந்தது. சீமாட்டி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு அழுதார். எழுந்து வந்து வின்னியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எழுதினேனே வின்னி. எழுதினேன்ல?"

"எழுதினீங்கம்மா" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் பச்சை நோட்டைத் திறந்தாள். முதல் கடிதத்தின் ஓரத்தில் தேதியைப் போட்டுப் பொடி எழுத்தில், 'இதில் லார் ஹௌலின் பெயர் இல்லை' என்று எழுதினாள். இரண்டாவதில் 'இதிலும் இல்லை'. இப்படி ஐந்துக்கும் எழுதினாள். நாலாவதில் மட்டும், 'தையல் கோணலாகப் போனது உண்மை' என்று கூடுதலாக ஒரு வரி. எழுதி முடித்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. எழுத வேண்டிய நேரத்தில், எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஓரத்தில் இப்போது எழுதி என்ன என்றுதான் இருந்தது.

லார் நாலு வருஷம் கழித்து, பிரான்சோடு சமாதானம் ஆனபோது திரும்பி வந்தான். பீரங்கி வெடித்து இடது காது போயிருந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவன் இப்போது கத்திப் பேசினான். முதல் நாளே, ஊரே கேட்கும்படி, "எழுதிட்டாங்கன்னு சொன்னியே அக்கா, ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கேட்டான்.

வின்னி ஒளிக்காமல் சொன்னாள். ஆறு கடிதத்தையும் சொன்னாள். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தையும் சொன்னாள்.

அவன் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி முழுக்கக் கேட்டான். பிறகு, "நீயே ஒரு வரி சேத்திருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆலை வேலைக்கே திரும்பிப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கூப்பிட்டுச் சோறு போட்டான். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவள்தான் ஒவ்வொரு ஞாயிறும் அவன் எடுப்பானோ என்று உட்கார்ந்திருப்பாள்.

சீமாட்டி காலமானபின் ஷார்லட்டின் மகன் எட்மண்ட் பாத்திலிருந்து வந்தார். பெரியம்மாவின் கடிதங்களை அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பச்சை நோட்டைப் புரட்டியவர் வின்னியைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது, துணி அறைச் சாவி அவள் இடுப்பில்.

"இந்த ஓரத்துல கிறுக்கினது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"என் பெரியம்மா உன் தம்பிக்காக எழுதியிருக்காங்க. இதோ இருக்கே."

"ஆறாவதுல இருக்குங்கய்யா. அஞ்சுல இல்ல."

"அவங்க எழுதினதே பெரிசு. எத்தனை பேர் எழுதியிருப்பாங்க?" அவர் கோபக்காரர் இல்லை. பொறுமையாகவே பேசினார். "சரி, போகட்டும். உன் எழுத்து நல்லா இருக்கு. நீயே புதுசா ஒரு நகல் எடுத்துக் குடு. ஓரத்துல இருக்கிறது மட்டும் வேணாம்."

"அப்ப அது நகல் இல்லீங்கய்யா."

"உனக்கு என்னதான் வேணும்?"

பதினாலு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு டப்ளினிலிருந்து ஒரு எழுத்தரை வரவழைத்துக்கொண்டார்.

புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. ஒரு பிரதி மாளிகைக்கும் வந்தது. முன்னுரையில், கலகத்தின் நடுவிலும் ஏழை வேலைக்காரியின் தம்பிக்காகச் சீமாட்டி மன்றாடியதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. 'சிரமம் என்றால் வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டிருந்தார்கள். வின்னி அதை நின்றபடியே படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல், ஆலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகள் நியூஃபவுண்ட்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போன காலம். எழுதச் சொல்லி வருகிறவர்களுக்கு அவளிடம் ஒரே மனக்குறைதான்.

"ஏண்டி மேரியன், உனக்கு மகன்கிட்ட என்ன வேணும்?" என்பாள்.

"முதல்ல சுகமான்னு கேளு. அப்புறம் மாடு கன்னு போட்டதை எழுது. பக்கத்து வீட்டுக்காரி செத்ததை எழுது."

"அதெல்லாம் அப்புறம். என்ன வேணும்?"

"கூரை ஒழுகுது. வைக்கோல் போட ஏதாவது அனுப்பினா தேவலை. ஆனா அதை எடுத்த எடுப்பிலயே எப்படிக் கேக்கிறது? பெத்த பிள்ளைகிட்ட இப்படியா?"

வின்னி அதற்குள் எழுதியிருப்பாள். 'மகனே, கூரை ஒழுகுகிறது.' வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு சிலர் கோபித்துக்கொண்டு ஏழு மைல் நடந்து பாலிகாரின் எழுத்தரிடம் போனார்கள். அங்கே சுகம் விசாரித்து அழகாக எழுதித் தருவார் என்று பெயர். பங்குச் சாமியார்கூட ஒரு தடவை, ஜனங்கள் குறைப்படுகிறார்கள், கொஞ்சம் மரியாதையாக ஆரம்பித்தால் என்ன என்று சொல்லிப் பார்த்தார்.

"இடம் இருந்தா கடைசியில மரியாதையைச் சேத்துடறேன் சாமி" என்றாள் வின்னி.